கிழக்குப் பார்த்து நின்ற வேன்

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றிருந்த பழைய வேனுக்குள் தலையை நுழைத்து, டிரைவர் சீட்டைச் சுட்டிக்காட்டி, "அடுப்பு இங்கனதான் வரணும்" என்றார் வேலு ஆசாரி.

அவர் கையில் முழக்கோல், காதில் பென்சில். புது மனைக்கு அளப்பதுபோல வேனின் நான்கு மூலைகளையும் அளந்து முடித்திருந்தார். வேனுக்குள் ஈர மரமும் பழைய கிரீஸும் கலந்த வாடை. கூரைத் தகரம் வெயிலில் டப் டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"அங்கன அடுப்ப வச்சா நான் எங்கன உக்காந்து ஓட்ட? அடுப்பு மேலயா?" என்றார் என் கணவர்.

"அது ஒங்க பாடு. வண்டி மூஞ்சி கிழக்க பாத்து நிக்கிது. அப்ப தென்கிழக்கு மூலை எது? இந்தச் சீட்டுதான். அக்கினி மூலையில அடுப்பு வைக்காம வேற எங்கன வைக்க?"

"யோவ், அந்தச் சீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் டாங்கி இருக்கு. அங்கன அடுப்ப வச்சா மூலை மட்டுமா, மொத்த வண்டியும் அக்கினிதான்."

அடுக்களை வாசலில் நின்ற நான் சிரித்துவிட்டேன். என் மாமியார் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுக்களைக்குள் நழுவிவிட்டேன்.

வேனுக்கு எதற்கு அடுப்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கல்யாணக் கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் குடித்தனம் நடத்தியது இந்த வேனில்தான்.

விருந்தாளி மாதிரி ஒரு புருஷன்

என் கணவர் பெயர் சுப்பையா. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எழுதினால் குறையுமா என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அவர் ஆயில் இன்ஜின் மெக்கானிக். அந்தக் காலத்தில் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் கிணறு என்றால் கமலைதான். மாடு கட்டி இறைப்பார்கள். வசதியுள்ள சில பேர் மட்டும் இன்ஜின் வாங்கிக் கிணற்றில் இறக்கினார்கள். அவர்களுக்கு அதை ஓட விடத் தெரியும், நிறுத்தத் தெரியும். அது தானாக நின்றுபோனால் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. கண்ணெதிரே பயிர் வாடும். உடனே எங்கள் வீட்டுக்கு ஆள் ஓடி வரும்.

இவர் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ரோட்டில் இறங்கி மாட்டு வண்டி பிடிப்பார். ஓடைப்பட்டியில் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும்போதே பண்ணைப்புரத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். அங்கிருந்து சின்னமனூர். வீட்டுக்கு வருவது விருந்தாளி வருகிற மாதிரிதான். அழுக்கு வேட்டிகளைப் போட்டுவிட்டு, வெளுத்ததை எடுத்துக்கொண்டு, ஒரு வேளை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம். எனக்குக் குழந்தை இல்லை. குறை யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம்தான் என்று ஊர் முன்பே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. வளைகாப்பு வீடுகளுக்கு என் மாமியார் மட்டும் போய் வருவார். வந்து என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையை எடுத்து மடிப்பார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி இருந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். என் கணவருக்கு அக்கா மகள், முறைப்பெண். அவள் ஆளாகி உட்கார்ந்த மாசத்திலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு மாறியது.

"ராசம்மாவ யாரு போகச் சொன்னா? அவ பாட்டுக்கு மூத்தவளா இருக்கட்டும். இன்னொருத்தியும் வரட்டும். நம்ம பிள்ளதான, வெளி ஆளா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை என்னைக் காட்டிச் சொன்னார். நான் காதில் வாங்க வேண்டும் என்பதற்காகவே சொன்னார்.

ஒருநாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "அத்தை, அவுக மாசத்துல எத்தனை நாளு வீட்டுல இருக்காக? வெதைக்காம கெடக்குற காட்டப் போயி வெளையலன்னு ஏசுனா எப்பிடி?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் மிளகாயை மையாக அரைத்துத் தீர்த்தேன்.

ஒரு தை முதல் மறு தை வரை

அந்தச் சமயத்தில்தான் இவர் வேனை வாங்கினார். கம்பம் ரோட்டில் ஆள் ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன வண்டி. பக்கவாட்டில் ஜன்னலுக்குப் பதில் கித்தான் படுதா. சீட்டெல்லாம் கரையான். பழைய இரும்பாகப் போக இருந்ததைப் பேசி வாங்கி, இன்ஜினைப் பிரித்து மாட்டி ஓட வைத்துவிட்டார். சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்பது அவர் கணக்கு.

"சாமான் போற வண்டியில நான் போகக் கூடாதா? நானும் வாரேன்" என்றேன்.

அவருக்குப் பேச்சு குறைவு. இன்ஜினோடு பேசுவார், மனுஷரோடு முனகுவார். போய் அவர் அம்மாவிடம் சொன்னார்.

மாமனார் காலமாகிவிட்டதால் வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அவர் ஒருநாள் முழுக்க யோசித்தார். நான் அரைத்த மிளகாய் அவரையும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

"சரி. வார தையிலேர்ந்து அடுத்த தை வரைக்கும். அதுக்குள்ள வகுத்துல ஒண்ணும் தங்கலன்னா பேச்சியக் கட்டி வச்சிருவேன். அப்ப யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்றார்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? ஆடு தலையாட்டினால் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்கிறார்கள்.

அதோடு விட்டாரா? "குடும்பம் நடத்தப் போற எடம்னா அது வீடுதான். சக்கரம் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? வீட்டுக்கு உண்டான முறை எல்லாம் இருக்கணும். ஆசாரியக் கூப்பிடு" என்றார். அப்படித்தான் வேலு ஆசாரி முழக்கோலோடு வந்து, டிரைவர் சீட்டில் அடுப்பை வைக்கச் சொன்னார்.

ஆசாரி கட்டிய வீடு

பெட்ரோல் டாங்கிக்கு அக்கினி பகவானும் பயப்படத்தான் வேண்டும். கடைசியில் ஆசாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். டிரைவர் சீட் வரைக்கும் வெறும் வண்டிதான், வீடு அதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது என்றார். சீட்டுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு அடித்து, தகரம் போர்த்தி, அதை ஒட்டிக் கரி போடுகிற ஒரு கும்முட்டி அடுப்புக்கு இடம் செய்தார். வண்டி நின்ற பிறகுதான் பற்றவைக்க வேண்டும் என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கினார்.

எதிர்ப்பக்கம் கட்டில். வேம்புச் சட்டம், மேலே கயிறு. தலைமாடு வண்டியின் முன்பக்கம், அதாவது கிழக்கே. கால்மாட்டில் பாதிக் கட்டிலை மூடுகிற மாதிரி ஒரு பரண். ஸ்பேனர், சம்மட்டி, பிஸ்டன் என்று இரும்புச் சாமான் முழுக்க அதன் மேல். கட்டிலுக்கு அடியில் அரிசிப் பானை, துணிப்பெட்டி. அம்மியைப் பலகையில் குழி வெட்டி இறக்கினார்கள். இல்லாவிட்டால் சின்னமனூர் மேட்டில் ஏறும்போது அது பின்கதவைத் திறந்துகொண்டு தேனிக்கே திரும்பியிருக்கும்.

தை பிறந்து நல்ல நாள் பார்த்து, அத்தையே வேனுக்குள் ஏறி உட்கார்ந்து பால் காய்ச்சினார். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஏறி இறங்கிப் பார்த்ததில் வேன் ஒரு பக்கம் சாய்ந்தே போனது.

பிறகு புறப்பட்டோம். இவர் கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பி, முற்றத்திலிருந்து பின்னால் எடுத்து, தெருவில் கம்பம் ரோட்டை நோக்கித் திருப்பினார்.

"ஏலே! நிறுத்து! நிறுத்துடா!" என்று அத்தை கத்திக்கொண்டே ஓடி வந்தார். "தலமாடு தெக்க போயிருச்சே! அடுப்பு எங்கிட்டோ போயிருச்சே!"

எல்லாரும் விழித்தோம். பல நாள் உட்கார்ந்து அளந்தோம், அடித்தோம், தகராறு செய்தோம். வண்டி என்றால் திரும்பும் என்பது ஒருத்தர் புத்தியிலும் ஏறவில்லை. ஆசாரி தன் புது வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நான் வீட்டத்தான் கட்டுனேன். வீட்ட யாரு திருப்பச் சொன்னா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

தெருவில் நின்றே பஞ்சாயத்து நடந்தது. ஓடும்போது எப்படிப் போனாலும் தோஷமில்லை, நிற்கும்போது வண்டி முகம் கிழக்கே இருக்க வேண்டும் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். முக்கியமாக வடக்கே பார்த்து நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வடக்கே தலைவைத்துப் படுக்க வேண்டிவரும். தலையணையைத் தூக்கி மறுபக்கம் போட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்லலாம். மறுபக்கம் தலைக்கு மேலே பரணில் சம்மட்டி இருக்கிறது.

அம்மை குத்த வந்தவர்கள்

முதலில் போன ஊரில் எங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாம் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டன. அம்மை குத்துகிற வண்டி என்று நினைத்துவிட்டார்கள். நான் இறங்கி முறத்தில் அரிசியைப் புடைக்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"ஏத்தா, இதுக்குள்ளயேவா உறங்குவீக?" என்று பெண்கள் கேட்பார்கள். படுதாவைத் தூக்கிக் காட்டுவேன். பார்த்துவிட்டு, "மாமியா இல்லாத வீடு. இம்புட்டுக்காணு இருந்தாத்தான் என்ன?" என்று பெருமூச்சு விடுவார்கள்.

எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வண்டியைக் கிழக்கே திருப்புவது பெரும்பாடு. ஓடைப்பட்டியில் ஒரு சம்சாரி அதற்காகத் தன் முள்வேலியையே ஒரு பக்கம் பிரித்துப்போட்டார். அவர் மிளகாய்ச் செடி காய்ந்துகொண்டிருந்தது, இவருக்கோ வண்டி திரும்பாமல் ஸ்பேனரைத் தொட மனமில்லை. "கோயில் தேரக்கூட நாங்க இம்புட்டுப் பாடுபட்டுத் திருப்புனதில்லய்யா" என்று அந்த மனுஷர் வியர்வையைத் துடைத்தார்.

உலக யுத்தம் முற்றியபோது பெட்ரோல் கிடைக்காமல் போனது. எல்லா மோட்டார்க்காரர்களையும் போல இவரும் வேனுக்குப் பின்னால் பீப்பாய் மாட்டிக் கரி போட்டு அந்த வாயுவில் ஓட்டினார். வண்டிக்கும் எங்களுக்கும் ஒரே சாக்கிலிருந்துதான் கரி. "கொழம்புக்குக் கொஞ்சம் கொறச்சுப் போடு, இன்னும் கோம்பை போகணும்" என்பார். ஏற்றத்தில் நான் இறங்கிப் பக்கத்தில் நடந்து வருவேன். சில நாள் வண்டியை முந்திக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

இன்ஜின் சரியாகி முதல் தண்ணீர் கொட்டும்போது, இன்ஜின்காரர் பொண்டாட்டி குளிக்கட்டும் என்று எல்லாரும் விலகிப் போவார்கள். மஞ்சள் பூசி, சேலையோடு அந்தக் குழாயடியில் நிற்பேன். அவ்வளவு தண்ணீரை வாழ்க்கையில் அதற்கு முன் நான் தலையில் வாங்கியதில்லை. சந்தோஷமாக இருந்தேன். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஆயுளில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த வேனில் சுற்றிய வருஷங்களில்தான்.

ஆனால் மாசாமாசம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஆடி போனது. கார்த்திகை போனது. மறு தை வந்துவிட்டது.

பண்ணைப்புரத்துக் கிணற்றடி

பொங்கல் கழிந்த வாரம் பண்ணைப்புரத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். இவர் கிணற்றுக்குள் இன்ஜின் மேடையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வரப்போரம் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து அத்தை இறங்கினார்.

"வாங்க அத்தை" என்றேன். வந்தார். என் வயிற்றைத்தான் முதலில் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

மோர் கொடுத்தேன். "வேணாம்" என்றார். "சுப்பையாவக் கூப்பிடு."

இவர் மேலே ஏறி வந்தார். முழங்கை வரைக்கும் கரி எண்ணெய். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பேச்சிய மாசி மாசத்துல கட்டிரலாம்னு ஒங்க அக்காட்டச் சொல்லிட்டேன். சொன்ன கெடு முடிஞ்சிருச்சு" என்றார் அத்தை. அவர் கத்தவில்லை. சந்தைக்குப் போகிற விஷயம்போலத்தான் சொன்னார்.

இவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பேச்சை அதுவரைக்கும் அவர் தட்டியதே கிடையாது. கத்தரிக்காய்த் தட்டைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். 'வேண்டாம்' என்று இவர் சொல்ல வேண்டுமே என்று மலையைப் பார்த்து வேண்டினேன். அந்தப் பக்கம் எந்தச் சாமி இருந்ததோ, அதற்கே வேண்டினேன்.

"எடமில்ல ஆத்தா" என்றார் இவர்.

"என்னது?"

"கட்டுலு ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. இன்னொரு ஆளுக்கு எடமில்ல."

"இதுல எதுக்குடா எடம்? வீட்டுக்கு வா. அங்கன இல்லாத எடமா?"

"வீடு இதுதான்."

"சக்கரம் வச்சது வீடாலே?"

"நீதான சொன்ன? ஆசாரிய வரச்சொன்னது நீ. தெசை பாத்தது நீ. பாலு காச்சுனதும் நீதான். வீட்டக் கட்டிக் குடுத்துட்டு இப்ப வீடில்லன்னா எப்பிடி?"

நான் அவர் வாயிலிருந்து அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் ஒரே மூச்சில் இவ்வளவு பேச்சுக் கேட்டதில்லை. சொல்லிவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே சம்மட்டிச் சத்தம் கேட்டது.

அத்தை வேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். மாட்டு வண்டி வரைக்கும் நானும் கூடப் போனேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஜெயித்தவள் மாதிரி தெரிந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் துடைத்துத் துடைத்து வந்தேன்.

வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்தார். "அவன் சொல்றதச் சொல்லிட்டான். நான் ஒனக்கும் சேத்துத்தான்த்தா பாத்தேன். அவனுக்குப் பொறவு ஒன்னைய யாரு பாப்பா?"

அதில் கொஞ்சம்கூட விஷம் இல்லை. "பாத்துப் போயிட்டு வாங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்குப் பிறகு

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கரண்டு மோட்டார் வருகிற வரைக்கும் அந்த வேனிலேயே சுற்றினோம். பிறகு தேனியில் ஒரு வாடகை வீடு. இவர் போனது அந்த வீட்டில்தான்.

பேச்சியம்மாளை உத்தமபாளையத்தில் நல்ல இடத்தில் கொடுத்திருந்தார்கள். நான்கு பிள்ளைகள். நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம். எங்களுக்குள் அந்தப் பழைய பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை. எனக்குத்தான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். அவளுக்குப் போட்டிருந்த பந்தலைப் பிரித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

இவர் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கலைந்த மறுநாள் காலையில் அவள் ஒரு வாடகைக் காரோடு வந்து இறங்கினாள். நேரே உள்ளே போய் என் துணிப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"கெளம்புங்க அத்தை" என்றாள்.

"எங்கத்தா?"

"நம்ம வீட்டுக்கு."

"ஒனக்கு நான் என்ன செஞ்சேன், பேச்சி? ஒனக்கு வரவேண்டியத வரவிடாம நின்னவ நான்" என்றேன். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு என்னைய ஒரு ஆளு கேக்கலத்தை. எங்கம்மா கேக்கல, அம்மாச்சி கேக்கல. ரெண்டாந்தாரமாப் போன்னுட்டாக. ராவும் பகலும் அழுதேன். மாமாதான் முடியாதுன்னு சொன்னாக. அதனாலதான் நான் ஒரு வீட்டுக்கு ஒருத்தியாப் பொழச்சேன். எந்திரிங்க, காரு நிக்கிது."

எழுந்தேன். இதை அவள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.